இரட்டைப்படை

வெள்ளி இரவு ஒன்பதரைக்குக் கதவைத் தட்டினார்
கீழ்வீட்டு ஐவார்ஸ்.
டிராம் ஓட்டுநர் சீருடை. கையில் தகர வாளி.
வாளியில் டேலியா, ஆறு.
"என் வீட்டு ஹீட்டர் அணையமாட்டேன் என்கிறது.
விடிவதற்குள் வாடிவிடும்.
உன் சன்னல்தான் சரியாக மூடாதே,
இங்கே இருக்கட்டும். ஆறு மணிக்கு எடுத்துக்கொள்கிறேன்."

அதற்குள் எண்ணிவிட்டேன்.
லியேபாயாவில் பூவைப் பார்த்தால் எல்லோரும் எண்ணுவோம்.
பிறந்தநாளுக்கு ஐந்து, ஆசிரியைக்கு ஏழு,
காதலிக்கு ஒன்றே போதும்.
இரட்டைப்படை என்றால் கல்லறைக்கு.

பெனிட்டாவுக்கா என்று கேட்கவில்லை.
வாளியை வாங்கிக்கொண்டேன்.

பகலில் துறைமுகத்தில் மர லாரிகளை எடைபோடுகிறேன்.
மொத்த எடையில் வண்டி எடை போனால் மரம்.
இருபத்திரண்டு வருடமாகக் கழித்தல்தான் உத்தியோகம்.
இரவில் கூட்டுகிறேன்:
தப்பாக அச்சான எடைச்சீட்டுகள்,
மழையில் ஊறிய டிராம் டிக்கெட்டுகள்,
மாவுப் பசையில் தோய்த்து அட்டையில் ஒட்டுகிறேன்.
கையால் கிழித்துத்தான்.
என் நல்ல கத்தரிக்கோலை பெனிட்டா கடன் வாங்கிப்போனாள்,
திருப்பித் தரவேயில்லை.
இப்போது அந்தப் பிசிறு ஓரங்கள் இல்லாமல்
எனக்குப் பூ வருவதில்லை.

ஒட்டியதன் மேல் வெள்ளை. வெள்ளை காயும் முன்பே கரி.

முதல் பூ செத்தே பிறந்தது.
ஒழுங்காக, இதழ் இதழாக,
கேக் கடையில் க்ரீமைப் பிழிந்த மாதிரி.
காலாவதியான வங்கி அட்டையால் சுரண்டி எறிந்தேன்.
சுரண்டிய இடத்தில் ஓர் எண் எட்டிப்பார்த்தது:
பதினெட்டு டன் நானூறு.
இருக்கட்டும்,
ஒரு டேலியாவுக்கு அந்தக் கனம் தேவைதான்.

அதன்பிறகு கையை நான் ஓட்டவில்லை.
மெழுகுவத்தியைத் தேய்த்துவிட்டுச் சிவப்பு மையை ஊற்றினேன்;
பேச்சுவார்த்தை இல்லாத உறவுக்காரர் போல
மெழுகைச் சுற்றிக்கொண்டு போயிற்று மை.
ஈரத்தில் கல்லுப்பு தூவினேன்.
எண்ணெய்ப் பாஸ்டலை ஒடித்து, படுக்கவைத்து அழுத்தி,
நடுவை மட்டும் கட்டைவிரலால்.
இன்னும் விரியாத இதழ்கள்
அங்கே முஷ்டியாக மடங்கிக் கிடக்கின்றன,
அதைத் தூரிகையால் தொட எனக்குத் துணிச்சல் இல்லை.

ஒன்று வாளி விளிம்பில் தலை கவிழ்ந்திருந்தது.
அதற்குத்தான் அதிக நேரம்.
காம்பு அழுகும் தண்ணீரின் வாடைக்கு
என்ன நிறம் போடுவது?
மஞ்சளில் கரியைக் குழைத்தேன். பச்சை வந்தது, அழுக்குப் பச்சை.
மூக்கைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தேன்.
சரிதான்.

மூன்று மணிக்கு வாளித் தகரம் விரலைக் கீறியது.
அயோடின் புட்டியை எடுத்தேன், சாய்ந்தது.
வெள்ளை பூசாத வலது ஓரத்தில்
பழுப்பாக விழுந்தது
மாவுப் பசையைத் தொட்டதும்
கருநீலமாக விரிந்தது.
துணி கையில் இருந்தது.
துடைக்கவில்லை.

ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் முன்னால் ஐவார்ஸ்.
இன்று சீருடை இல்லை, கறுப்புக் கோட்டு.
பூக்களை எடுத்தார், தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றார்.
மேசைமேல் அட்டையைப் பார்த்தார்.
பயணிகளை எண்ணுவதுபோல் விரல் காற்றில் நகர்ந்தது.
"ஏழு."
மறுபக்கம் போய் நின்று மறுபடி எண்ணினார்.
"ஆறு."
பிறகு அந்த ஓரத்தைக் காட்டி, "இது பூவா?"
"தெரியாது. கொட்டிவிட்டது."

கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.
"அவளாக இருந்தால் துடைத்திருப்பாள்" என்றார்.
"துடைத்துவிட்டு, ஏன் துடைத்தோம் என்று
ஒரு வாரம் புலம்பியிருப்பாள்."

படியில் சொட்டுச் சொட்டாக இறங்கிப் போனார்.
வாளியை மறந்துவிட்டார்.
முதல் டிராம் முனை திரும்பும் கிறீச்சொலி கேட்டது.

அட்டை இன்னும் காயவில்லை.
கறையின் ஓரம் உலர உலர
ஊதாவாகிக்கொண்டிருந்தது.
பல்கூடத் தேய்க்காமல்
அது எதுவாக நிற்கப்போகிறது என்று
பார்த்துக்கொண்டிருந்தேன்.